கூலிம், பாடாங் செராய் பக்கம் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்து, குடும்பத்தையும் அழைத்து வரலாமா என்று யோசிக்கிறவர்கள் நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நாங்கள் தேனிப் பக்கம். கணவருக்கு சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை. குடியிருப்பது பாடாங் செராயில். வந்தபோது கையில் இருந்தது இரண்டு வருட ஒப்பந்தம் மட்டும்தான். நான் பேங்க் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம். மாமியார் மட்டும், "முருகன் பார்த்துக்குவான், தைரியமா போயிட்டு வாங்க" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் கிளம்பினோம். இன்றைக்கும் அதை நம்பித்தான் இங்கே இருக்கிறோம்.

சாமியை நம்பி வருகிறவர்கள் காகிதங்களைக் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும். வேலை பாஸ் (வேலை பார்ப்பதற்கான அனுமதி) சம்பளத்தை வைத்து மூன்று பிரிவாக இருக்கிறது. எந்தப் பிரிவு, எத்தனை வருடம், மனைவி பிள்ளைகளுக்கு பாஸ் உண்டா என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாஸ் அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை மாறினால் மறுபடி முதலிலிருந்து. சார்ந்திருப்போர் பாஸில், அதாவது வேலைக்கு வந்தவரின் குடும்பத்தாருக்கான பாஸில், வருகிறவர் சம்பளம் வாங்கி எந்த வேலையும் செய்யக் கூடாது, வீட்டில் வைத்து டியூஷன் எடுப்பது உட்பட. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. உங்கள் பங்கு 2 விழுக்காடு, முதலாளி பங்கு 2 விழுக்காடு. வருமான வரியில் 182 நாள் கணக்கு முக்கியம். அந்த வருடத்தில் அதற்குக் குறைவாக இருந்தால் பொதுவாக வெளியாள் கணக்கில் 30 விழுக்காடு பிடிப்பார்கள். ஆகவே வருடக் கடைசியில் வந்து இறங்குகிறவர்கள் முதல் சில மாதச் சம்பளத்தை முழுசாகக் கணக்குப் போட வேண்டாம்.

வீட்டு வாடகைக்கு முன்பணம் பெரும்பாலும் இரண்டு மாதம், அதோடு கரண்டு தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை தனி. கையில் அந்தப் பணம் இல்லாமல் வந்து இறங்காதீர்கள். மிக்ஸி, கிரைண்டர் கொண்டு வரலாம், ஆனால் இங்கே பிளக் சதுரக் கால் மூன்று. நம்ம ஊர் உருண்டைக் கால் நுழையாது. பெட்ரோல் மானிய விலை குடிமக்களுக்கு மட்டும். இவ்வளவு போதும், மற்றதெல்லாம் வந்த முதல் மாதத்தில் தானாகவே தெரிந்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கூலிமில் வேலை கிடைக்கிற நம்ம ஊர்க் குடும்பங்கள் பலர் பினாங்குத் தீவிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ அடுக்குமாடி வீடு தேடுகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த மற்ற குடும்பங்கள் அங்கே இருப்பார்கள் என்பது காரணம். அது அவரவர் விருப்பம். என்னைக் கேட்டால் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கமே பாருங்கள் என்பேன். இவை தோட்டத்து ஊர்கள். காலையில் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் வாங்கப் போனால் பக்கத்து மேசையில் தமிழ். சாமான் கடையில் தமிழ். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "பசியாறிட்டீங்களா, ஊர்லேருந்து வந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார்.

இந்த மக்களின் தாத்தா பாட்டிமார் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்க, வந்தவர்கள். ஒப்பந்தக்கூலி முறை 1910ல் முடிந்தது, அதற்கப்புறம் கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் கூட்டி வந்தார்கள், 1938ல் இந்திய அரசு அதையும் நிறுத்தியது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கி, தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டில் குடியேறி, விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனவர்கள். பின்னால் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது நிறைய குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தன. 1960ல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கியது அதனால்தான். இப்போது பால்மரம் பெரும்பாலும் போய் செம்பனை (பாமாயில் மரம்) நிற்கிறது, அதில் வேலை பார்ப்பவர்களும் அதிகம் வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். ஆனால் அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் கட்டிய மாரியம்மன் கோயில்கள் பல இன்னும் இருக்கின்றன. தோட்டம் கைமாறி வீடமைப்பு வந்தபோது சில கோயில்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த வருத்தம் இங்கே பலருக்கு இன்னும் ஆறவில்லை, அதைப் பற்றிப் பேசும்போது நிதானமாகப் பேசுங்கள்.

வந்த முதல் வாரத்திலேயே கோயிலுக்குப் போங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசு அலுவலகமும் பள்ளியும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அதனால் வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு இங்கே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நம்ம ஊரில் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ஓட்டமும் நடையுமாகப் போய் ஒரு கும்பிடு போட்டவளுக்கு, சாயங்காலம் முழுக்கக் கோயிலில் உட்கார முடிகிறது என்பதே பெரிய வரமாகத் தெரிந்தது. ஆனால் தொழிற்சாலை விடுமுறை எந்த நாள் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம்.

போனதும் முன்வரிசையில் போய் நிற்காதீர்கள். சமையல்கட்டுக்குப் போங்கள். அங்கே தரையில் பாய் விரித்து நாலைந்து பெண்கள் பூசணி நறுக்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் கோயிலில் ஒரு பாட்டி இருக்கிறார், இளம்வயதில் பால் வெட்டியவர். பூசணித் தோலை அவர் சீவுவதைப் பார்க்க வேண்டும். கத்தி சதைக்குள் இறங்காது, தோல் மட்டும் ஒரே நீளமாகச் சுருண்டு விழும். மரப்பட்டையையும் அப்படித்தான் சீவ வேண்டுமாம், ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டுவிடும், துரை கத்துவார். மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் (தோள் காவடிக் கம்பில்) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மழை பெய்தால் அன்றைக்குக் கூலி இல்லை. அந்தக் கூலியிலும் மாதாமாதம் கோயிலுக்குப் பிடித்தம் உண்டு, யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்றார். நான் கேட்டேன், வயிற்றுக்கே பத்தாதபோது எப்படிப் பாட்டி கொடுத்தீர்கள் என்று. "ஆத்தா இல்லாம இந்தக் காட்டுல எப்படிம்மா இருக்கிறது?" என்றார், அடுத்த பூசணியை எடுத்துக்கொண்டே.

இரண்டு வருட ஒப்பந்தத்தை நினைத்து ராத்திரி தூங்காமல் கிடந்த எனக்கு அந்தப் பதில் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. நாம் விமானத்தில் வந்து, ஏசி வீட்டில் இருந்துகொண்டு, பாஸ் புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ என்று பயப்படுகிறோம். திரும்பிப் போக வழியே தெரியாதவர்கள் முதலில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிக் கும்பிட்டுவிட்டுப் பிழைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள். நம்பிக்கையைப் பற்றி அவர்களிடம் கற்றுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து, "ஊரில் ஆகமப்படி இப்படிச் செய்வோம், நீங்கள் ஏன் அப்படிச் செய்கிறீர்கள்" என்று தொடங்காதீர்கள். முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பார்கள். திருவிழாவில் அருள் வந்து ஆடுவார்கள், தீமிதிப்பார்கள். அது அவர்கள் பாட்டன் கொண்டு வந்த சாமி, நம் கிராமத்தில் இருந்த சாமியும்தான். இன்னொன்று, அவர்கள் மலேசியர்கள். இந்தியாவை நேசிப்பார்கள், ஆனால் இந்தியக்காரர் வந்து பாடம் எடுப்பதை விரும்ப மாட்டார்கள். பெரியவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள், கோயில் தலைவரிடம் முதல் நாளே போய் வணக்கம் சொல்லுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களும் கேட்டிருந்தீர்கள். இந்த வட்டாரத்திலும் பட்டர்வொர்த் பக்கத்திலும் தமிழ் ஆராதனை நடக்கும் சபைகள் உண்டு. ஜூலை மாதக் கடைசியில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போனால் நாடு முழுவதிலுமிருந்து தமிழ்க் கத்தோலிக்கர்கள் வருவதைப் பார்க்கலாம். நான் கோயிலைப் பற்றிச் சொன்னதெல்லாம் சபைக்கும் பொருந்தும்: போய் உட்கார்ந்திருக்காமல் ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள்.

பிள்ளைகள் படிப்பு. வெளிநாட்டுப் பிள்ளையை அரசுத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கக் கல்வி இலாகா அனுமதி வேண்டும், பள்ளியில் இடமும் இருக்க வேண்டும், ஆகவே தலைமையாசிரியரை முன்கூட்டியே பாருங்கள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்வழி, மலாய் கட்டாயம். இடைநிலைப்பள்ளி மலாய்வழி, மலாய் போதாத பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் இதில் இறங்க வேண்டாம், ஊர்ப் பாடத்திட்டத்தையே தொடருங்கள். இருக்கப்போகிறோம் என்றால் சின்ன வயதிலேயே சேர்ப்பது நல்லது. எங்கள் மகள் மலாய் பேசக் கற்றது பள்ளியில் பாதி, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டியதில் பாதி.

அந்தப் பக்கத்து வீட்டார் நோன்புப் பெருநாளுக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். தீபாவளிக்கு நாமும் கூப்பிட வேண்டும், இங்கே திறந்த இல்ல உபசரிப்பு எல்லா இனத்தாருக்கும் பழக்கம். முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் சாப்பாட்டை ஹலால் கடையில் சொல்லிவிட்டுப் புதுக் காகிதத் தட்டு வையுங்கள், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகாமல் இருக்காதீர்கள். 1894ல் நகரத்தார் கொண்டு வந்த வெள்ளித் தேர் இன்றும் ஓடுகிறது, 2017லிருந்து தங்கத் தேரும் உண்டு. கெடாவில் தைப்பூசம் பினாங்கு மாதிரி வழக்கமான பொது விடுமுறையாக இருந்ததில்லை, ஆகவே லீவு முன்னதாகவே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, கஷ்டமான காலத்தைப் பற்றி. எங்களுக்குப் பாஸ் புதுப்பிப்பு இழுத்துக்கொண்டே போன ஒரு சமயம் உண்டு. தேதி நெருங்குகிறது, கம்பெனியிலிருந்து பதில் இல்லை. வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. கோயிலில் நான் யாரிடமும் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். கோயில் செயலாளர் தன் காடியிலேயே (காரிலேயே) கணவரைக் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், மலாயில் பேசி, எந்தக் காகிதம் குறைகிறது என்று தெரிந்துகொண்டு வந்தார். அந்த வாரம் முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் குழம்பு வந்துகொண்டே இருந்தது. பாஸ் வந்தது. வராமல் போயிருந்தாலும் ஆத்தா எங்களைக் கைவிட்டாள் என்று நான் நினைத்திருக்க மாட்டேன், அவள் யார் யார் கையால் வந்தாள் என்று பார்த்துவிட்டேன்.

அதனால் பிரச்சினை வந்தால் மூடி மறைக்காதீர்கள். தூதரக விஷயம், பிள்ளை இங்கே பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டியது, இதெல்லாம் காகிதத்தோடு முடியும். மற்றதற்கு மனிதர்கள் வேண்டும்.

இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் சொல்லுங்கள், கோயிலிலேயே விசாரித்தால் தெரிந்தவர் வீடு கிடைக்கும். வெள்ளிக்கிழமைப் பூஜை ஏழரைக்கு. பெண்கள் ஐந்து மணிக்கே வந்தால் காய் நறுக்க ஆள் குறைவாகத்தான் இருக்கும், கத்தி அங்கேயே இருக்கிறது.