ஐந்து துளைப் பெட்டியில் முந்திக்கொள்ளும் எலிகள்: என்ன செய்யலாம்?

வணக்கம். எலிகளின் கவனத்தை அளக்கும் ஐந்து துளைப் பெட்டியில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள். 1983-ல் கேம்பிரிட்ஜில் நரம்பியல் ஆய்வாளர் ராபின்ஸ் குழு கொண்டுவந்ததே, அதே சோதனைதான்: ஐந்து துளைகளில் ஒன்றில் சிறிது நேரம் விளக்கு எரியும், எலி அந்தத் துளையில் மூக்கை நுழைத்தால் தீனி கிடைக்கும். எட்டு எலிகள், தினமும் 100 முயற்சி அல்லது 30 நிமிடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. விளக்கு எரியும் நேரத்தை 30 வினாடியில் தொடங்கிக் குறைத்துக் குறைத்து 1 வினாடிக்கு வந்துவிட்டோம், அதுவரை எந்தத் தொல்லையும் இல்லை.

இப்போது இரண்டு எலிகள் மட்டும் விளக்கு எரியும் முன்பே மூக்கை நுழைத்துவிடுகின்றன. காத்திருப்பு வெறும் 5 வினாடிதான்! அவசரப்பட்டால் 5 வினாடி இருட்டு, தீனியும் கிடையாது, ஆனால் அதெல்லாம் இவற்றுக்கு உறைக்கவே இல்லை. பொறுத்திருந்து பதில் சொல்லும் முயற்சிகளில் மட்டும் சரியான துளையை 85 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடிக்கின்றன, அதனால் கவனத்தில் குறையில்லை, கட்டுப்பாட்டில்தான் கோளாறு என்பது என் எண்ணம் (கூட வேலை செய்பவர் பசி என்கிறார், அது தனிச் சண்டை). தீனியை எடுக்க ஓடும் வேகம் மற்ற எலிகளைப் போலத்தான். துளைகளின் அகச்சிவப்பு உணரிகளைத் துடைத்தோம், பெட்டியை மாற்றியும் பார்த்தோம், அதே கதை.

முந்தைய கட்டத்துக்குத் திருப்பி அனுப்பினால் சரியாகுமா, அல்லது இயல்பிலேயே அவசரக்காரர்கள் என்று தனிக் குழுவாக வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், எலி இப்படி முந்திக்கொண்ட முயற்சியை நீங்கள் 100-ல் ஒன்றாக எண்ணுகிறீர்களா, இல்லை அதே முயற்சியை மறுபடி தொடங்குகிறீர்களா? எங்கள் மென்பொருள் மறுபடி தொடங்குகிறது, அதில்தான் எனக்கு இப்போது சந்தேகம்.