ரா கோப்பு மங்கலாகத் திறக்கிறது: கிம்ப் போதுமா, வேறு மென்பொருள் வேண்டுமா?

புதுக்கேமரா:
வணக்கம். இதுவரை ஜேபெக் மட்டுமே எடுத்து, கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது நிக்கான் கேமராவில் ரா (கேமரா சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக் இரண்டும் பதிவாகும்படி வைத்திருக்கிறேன். அங்கேதான் தலைவலி ஆரம்பித்தது.

என்இஎஃப் (நிக்கானின் ரா) கோப்பை கிம்ப்பில் இழுத்துப் போட்டால், அதைத் திறக்க இன்னொரு மென்பொருள் வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. சரி என்று ரா கோப்பைத் திருத்தும் இலவச மென்பொருளான டார்க்டேபிளை நிறுவினேன். படங்களை வரிசையாகப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும் படம், திருத்தப் போனதும் கண்ணெதிரே இருண்டு, சாயம் போன துணி மாதிரி ஆகிவிடுகிறது. கூடவே பதிவான ஜேபெக் அருமையாக இருக்கிறது. ரா கோப்பு கெட்டுப்போய்விட்டதா? இல்லை, லைட்ரூம், போட்டோஷாப் என்று காசு கொடுத்தால்தான் ஒழுங்காக வருமா?

எடுப்பது பெரும்பாலும் பறவைகளும் வீட்டு விசேஷங்களும். குறுக்கே போகும் கம்பியை அழிப்பது, படத்தின் மேல் எழுத்து போடுவது இவைதான் வழக்கமான வேலை. விண்டோஸ் கணினி, 8 ஜிபி நினைவகம்.

இருட்டறை:
கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் பளிச்சென்று தெரிந்தது ரா அல்ல. ரா கோப்புக்குள் கேமரா பொதிந்து வைத்த ஒரு ஜேபெக். கேமராத் திரையில் நீங்கள் பார்ப்பதும் அதைத்தான், ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம்கூட அதிலிருந்து வருவதுதான். திருத்தும் பகுதிக்குள் போனதும் டார்க்டேபிள் அதை ஒதுக்கிவிட்டு, சென்சார் அளந்த எண்களிலிருந்து படத்தைத் தானே உருவாக்குகிறது.

அந்த எண்களில் முழு நிறம் கிடையாது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு வடிகட்டி மட்டுமே இருக்கும். கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு அது; இன்றும் பெரும்பாலான கேமராக்களில் அதுவே. விடுபட்ட இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் கணக்கிட வேண்டும். ஒயிட் பேலன்ஸ் (விளக்கொளிக்கு ஏற்ற நிறச் சமன்), கான்ட்ராஸ்ட், நிற அடர்த்தி எல்லாவற்றையும் யாராவது முடிவு செய்தாக வேண்டும். ஜேபெக்கில் கேமரா முடிவு செய்துவிட்டது. ராவில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்.

ஒன்றைப் பாருங்கள். கேமராவில் ஆக்டிவ் டி-லைட்டிங் போட்டிருக்கிறீர்களா? அது வெளிச்சமான பகுதிகளைக் காப்பாற்றக் கொஞ்சம் குறைவான எக்ஸ்போஷரில் (ஒளி அளவில்) எடுத்து, நிழல்களை ஜேபெக்கில் மட்டும் தூக்கிவிடும். நிக்கானின் சொந்த மென்பொருளுக்கு அது புரியும், மற்றவை கண்டுகொள்ளாது. அதனால் ரா இருட்டாகத் தெரியும். ரா எடுப்பதாக இருந்தால் அதை அணைத்து வைப்பதே நல்லது.

டார்க்டேபிளில் முதலில் எக்ஸ்போஷரை ஏற்றி, முகமோ பறவையோ சரியான வெளிச்சத்துக்கு வரும்வரை கொண்டுபோங்கள். வானம் வெளுத்தால் அப்போதைக்குக் கவலை வேண்டாம். அப்புறம் சிக்மாய்டு, ஃபில்மிக் என்ற கருவிகள் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக் கான்ட்ராஸ்ட்டைச் சரிசெய்யுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் படம் இன்னும் செத்துப்போகும். நிறம் வெளிறியிருந்தால் கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

பிக்சல்பூனை:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? லைட்ரூம் வாங்குங்கள். திறந்ததுமே பார்க்கும்படி இருக்கும், பறவையை மட்டும் தானாகத் தேர்ந்தெடுத்துத் தரும். வாழ்க்கை சுருக்கம்.

இருட்டறை:
வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது சந்தா. ஒரே தடவை காசு கட்டி வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு 2015-இல் வந்த லைட்ரூம் 6. மாதம் ஒரு விசேஷம் எடுப்பவர் வருடம் முழுக்கக் கட்ட வேண்டுமா என்பதை அவரே யோசிக்கட்டும். ஜேபெக் மாதிரியே திறந்தால் போதும் என்றால் நிக்கானே என்எக்ஸ் ஸ்டுடியோவை இலவசமாகத் தருகிறது.

கம்பிவெட்டி:
ராதெரபியையும் முயன்று பாருங்கள், அதுவும் இலவசம்தான். உள்ளே பொதிந்த ஜேபெக்கைப் பார்த்து அதே சாயலில் ஒளி வளைவைத் தானே அமைக்கும் வசதி அதில் இருக்கிறது. தொடங்கும்போதே கேமரா ஜேபெக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும், அங்கிருந்து மேலே போகலாம். டார்க்டேபிளில் பகுதி பகுதியாக மாஸ்க் போட்டுத் தனித்தனியே திருத்துவது வலுவானது, ஆனால் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும். உங்கள் வேலைக்கு நான் ராதெரபியைத்தான் சொல்வேன்.

புதுக்கேமரா:
டி-லைட்டிங் ‘தானியங்கி’யில் இருந்தது! அணைத்துவிட்டேன். ராதெரபியில் படம் திறந்ததும் மூச்சு வந்தது. ஆனால் டார்க்டேபிளில் திருத்திய படத்தை வேறு மென்பொருளில் திறந்தால் ஒரு மாற்றமும் இல்லையே? அப்புறம், இதெல்லாம் வந்த பிறகு கிம்ப்பைத் தூக்கிவிடலாமா?

கம்பிவெட்டி:
தூக்காதீர்கள். ரா மென்பொருள் மூலக் கோப்பைத் தொடவே தொடாது. நீங்கள் செய்ததையெல்லாம் ஒரு குறிப்பாகப் பக்கத்தில் எழுதி வைக்கும்; டார்க்டேபிளுக்கு எக்ஸ்எம்பி, ராதெரபிக்கு பிபி3. ஒன்றின் குறிப்பை மற்றொன்று படிக்காது. ஏற்றுமதி செய்தால்தான் மற்ற இடங்களில் மாற்றம் தெரியும்.

வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ், இரைச்சல் நீக்கம், லென்ஸ் கோணல் ஆகியவற்றை ராவிலேயே முடியுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த முகத்தை ஜேபெக்கில் சரிசெய்யப் போனால் நீலத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது பெருக்கிக்கொள்ளும் எண்தான், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பறவையின் தலைக்குப் பின்னால் ஓடும் கம்பி, எழுத்து, இரண்டு படங்களை ஒட்டுவது, இவை கிம்ப்புக்கு. சின்னத் தூசுப் புள்ளிகளை மட்டும் ராவிலேயே துடைத்துவிடலாம்.

நடுவில் ஜேபெக் வேண்டாம். 16 பிட் டிஃப் (தரம் குறையாத படக் கோப்பு) ஆக ஏற்றுமதி செய்து கிம்ப்பில் திறங்கள். ஜேபெக் 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. வெறும் வானத்தை 8 பிட்டில் இழுத்தால் பட்டை பட்டையாக உடையும். 2018-இல் வந்த 2.10-லிருந்தே கிம்ப் 16 பிட்டைக் கையாளும், அதற்கு முந்தியதை வைத்திருந்தால் மாற்றுங்கள். டிஃப் கோப்புகள் பெரியவை, 8 ஜிபியில் ஒரே நேரத்தில் நிறையத் திறந்து வைக்காதீர்கள்.

கிம்ப் உங்களிடம் இன்னொரு மென்பொருள் கேட்டதும் இதற்குத்தான். ராவைத் திறக்கும் வேலையை அது டார்க்டேபிளிடமோ ராதெரபியிடமோ ஒப்படைக்கும். இப்போது இரண்டும் இருப்பதால், எது திறக்க வேண்டும் என்பதை அதன் விருப்பங்களில் தேர்ந்தெடுக்கலாம்.

புதுக்கேமரா:
டிஃப் வழியில் செய்தேன், வானம் பட்டையில்லாமல் வந்தது, கம்பியும் போய்விட்டது. லைட்ரூம் இப்போதைக்கு வேண்டாம். கடைசியாக ஒன்று: அந்த எக்ஸ்எம்பி, பிபி3 கோப்புகள் அடைசலாக இருக்கின்றன, அழித்துவிடலாமா?

இருட்டறை:
என்இஎஃப் அப்படியே இருக்கும், ஆனால் செய்த திருத்தம் போய்விடக்கூடும், அழிக்காதீர்கள். கோப்புறையை வேறு வட்டுக்கு நகர்த்தும்போது அவற்றையும் சேர்த்தே நகர்த்துங்கள். டார்க்டேபிளில் ஏற்கெனவே சேர்த்த படங்களாக இருந்தால் அதன் உள்ளிருந்தே நகர்த்துங்கள், இல்லையென்றால் பழைய இடத்தில் தேடிக்கொண்டிருக்கும்.