புதுப்பிப்பு: முயல் குட்டி சோபாவைக் கடிப்பது நின்றுவிட்டது

நாலு மாத முயல் குட்டி சோபாவின் மரக்காலைக் கடித்துத் தள்ளுகிறது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கசப்பு ஸ்ப்ரே எடுபடவில்லை. நக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கடித்தாள். பலன் தந்தது, காய்ந்த புல் எந்நேரமும் இருக்கட்டும், மருந்தடிக்காத ஆப்பிள் மரக்குச்சியை அதே சோபா காலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள் என்ற யோசனைதான். முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும், தேய்க்க ஏதாவது வேண்டுமே. இப்போது குச்சியின் பட்டையை நீளநீளமாக உரித்துத் தின்கிறாள். மூன்றாம் வாரம் சோபா பக்கமே போகவில்லை.

எதிர்பாராத ஒன்று: சார்ஜர் வயரை மட்டும் விடவில்லை. எல்லா வயரையும் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுவிட்டேன். ஷாக் அடித்தால் உயிரே போய்விடும். இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.