10 மாதக் குழந்தையோடு இரவு ரயில்: எந்த பெர்த், என்னென்ன சாமான்?

பொருநை:
சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு ரயில். பெரியவர்கள் இருவர், 10 மாதப் பையன். தவழ்கிறான், பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஸ்லீப்பரா, மூன்றடுக்கு ஏசியா? அவனுக்கு டிக்கெட் வேண்டுமா? தூளி கட்டலாமா? பால், சாப்பாடு எப்படி?

ரயிலடி:
5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். ஐஆர்சிடிசியில் புக் செய்யும்போது, கீழ் பெர்த் ஒன்றாவது கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்று ஒரு தேர்வு வரும். அதை டிக் செய்யாமல் விடாதீர்கள். நடு பெர்த்தில் நிமிர்ந்து உட்கார இடமில்லை, பால் கொடுக்கவே முடியாது. சைடு லோயரும் வேண்டாம், நடைபாதையில் போகிறவர்கள் உரசிக்கொண்டே போவார்கள்.

கீழ் பெர்த்தில் குழந்தை சுவர்ப் பக்கம், பெரியவர் வெளிப்பக்கம். தலையை ஜன்னல் பக்கம் வையுங்கள்.

வகுப்பு என்றால் என் ஓட்டு ஏசிக்கே. ஸ்லீப்பரில் ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். ஏசியில் குளிரும்தான். முழுக்கை பருத்திச் சட்டையும் சாக்ஸும் போட்டு, வீட்டுப் போர்வையை மார்பு வரை போர்த்தினால் போதும். முகத்தை மூட வேண்டாம்.

இன்னொன்று. இதுவரை கிளம்பும் நேரத்தைப் பார்த்து ரயில் பிடித்திருப்பீர்கள். இனி இறங்கும் நேரத்தைப் பாருங்கள். விடிகாலை 4 மணிக்கு இறங்கும் ரயில் என்றால், அரைத் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை அன்று பகல் முழுக்கச் சிணுங்கும். 6 மணிக்கு மேல் சேரும் வண்டியே நல்லது.

அடுக்களை:
பால் பவுடர் கொடுப்பதானால், ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போடுங்கள். ஃபிளாஸ்கில் கொதிநீர். கலக்கியதும் பாட்டிலைச் சுற்றி ஈரத்துணி கட்டி ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதை 1 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. முன்கூட்டியே கலக்கிக் கொண்டுபோவதுதான் பெரிய தவறு, வெதுவெதுப்பில் கிருமி வேகமாகப் பெருகும். ரயில் பிளக்கில் கெட்டில் செருகாதீர்கள், அது செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும்.

இரவுக்கு நெய் தடவிய இட்லி, காலைக்கு வாழைப்பழம். தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஊசிப்போகும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது.

டயப்பர் 3 மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, மேலே 2 வையுங்கள். பெர்த்தில் ரப்பர் ஷீட் விரித்து மாற்றலாம். அழுக்கானதைக் கவரில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பயோ டாய்லெட்டில் போட்டால் அடைத்துவிடும்.

தொட்டில்மரம்:
தூளி பற்றி. இரண்டு மேல் பெர்த்துகளுக்கு இடையே பருத்திப் புடவையில் கட்டுகிறவர்கள் உண்டு. எழுந்து உட்காராத சின்னக் குழந்தை என்றால், பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கும்போது சரி. உங்கள் பையன் பிடித்து நிற்கிறான் என்கிறீர்கள், அவனுக்கு வேண்டாம். தூக்கம் கலைந்ததும் விளிம்பைப் பிடித்து எழுவான், கவிழ்வான். பிரேக் போட்டால் தூளி ஆடிப் பெர்த் விளிம்பில் தலை இடிக்கும். பெர்த்தைத் தாங்கும் சங்கிலியில் கட்டினால் துணி அறுபடவும் கூடும்.

பொருநை:
சரி, தூளி இல்லை. நடுவழியில் காய்ச்சல் வந்தால்?

ரயிலடி:
ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்தால் அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். பெட்டி எண், பெர்த் எண் சொல்லத் தயாராக இருங்கள். பாராசிட்டமால் அளவைக் குழந்தையின் எடைக்கு ஏற்ப டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி, பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். சொட்டு மருந்து சிரப்பைவிட வீரியம் கூடியது. ஒன்றின் அளவில் மற்றதைக் கொடுத்துவிடாதீர்கள்.