உதவி: 14 சிற்றினம் இருக்கிற இடத்துக்கு ஷானன் பல்வகைமைக் குறியீடு பாதிதான் வருது, ஏன்?

ஈரமண்
அவசரம், நாளைக்கு அறிக்கை கொடுக்கணும். புல்வெளி, மரநிழல் ரெண்டு இடத்துலயும் குவாட்ரட் (தரையில வைக்கிற சதுரச் சட்டம்) போட்டுச் செடிகளை எண்ணினோம். புல்வெளியில 9 சிற்றினம், ஷானன் 1.62. மரநிழல்ல 14 சிற்றினம், ஆனா ஷானன் வெறும் 0.84. அதிகமா இருக்கிற இடத்துல எப்படிக் குறையும்? வாய்பாடு சரியாத்தான் போட்டிருக்கோம்.

கோரைக்கிழங்கு
சட்டம் என்ன அளவு? ஒவ்வொரு இடத்துலயும் எத்தனை தடவை வச்சீங்க? எண்ணினது தனிச்செடியா, மூடல் சதவீதமா (செடி தரையில எத்தனை சதவீதத்தை மூடியிருக்குங்கிறது)? இந்த மூணும் தெரியாம என்னத்தைச் சொல்றது?

நிழற்குடை
தப்பே இல்லாமலும் இருக்கலாம். ஷானன் எத்தனை சிற்றினம்னு மட்டும் பார்க்காது, எவ்வளவு சமமாப் பரவியிருக்குன்னும் பார்க்கும். மரநிழல்ல ஒரே செடி 85 சதவீதத்தைப் பிடிச்சுக்கிட்டா, மிச்ச 15-ஐ மத்த 13-ம் சமமாப் பங்கு போட்டாக்கூட 0.81-தான் வரும். உங்க எண்ணுக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க.

விதைநெல்
அதெல்லாம் அப்புறம். சட்டத்தை எப்படி வச்சீங்க? கண்ணை மூடித் தூக்கி எறிஞ்சிருந்தா அது சமவாய்ப்பே இல்லை. புதர் மேல விழுந்தா எடுத்து மறுபடி எறிவாங்க, தூரத்து மூலைக்கு எறியவே மாட்டாங்க. அளவு நாடா ரெண்டைச் செங்குத்தா விரிச்சு, சமவாய்ப்பு எண் ரெண்டு எடுத்து, அந்தப் புள்ளியில சட்டத்தோட கீழ் இடது மூலையை வைக்கணும்.

மூத்தகுடி
இந்தக் கேள்வி பருவத்துக்கு ஒரு தடவை முளைக்குது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. ஷானன் 1948-ல் செய்தித்தொடர்புக்காக எழுதின வாய்பாடு அது. செடி எண்ணுறவங்களுக்கு 1949-ல் சிம்ப்சன் கொடுத்த குறியீடு போதும். அதைப் போடுங்க, மடக்கையும் இல்லை, தகராறும் இல்லை.

ஈரமண்
எறியலை, நாடா போட்டுத்தான் வச்சோம். புல்வெளிக்கு 50 செ.மீ. சட்டம், மரநிழலுக்கு 1 மீ. சட்டம், ரெண்டுலயும் 10 தடவை. மரநிழல் எண்ணிக்கை: 42, 30, 12, 9, 7, 5, 4, 3, 2, 2, 1, 1, 1, 1. மொத்தம் 120. புல்வெளித் தாள் தோழிகிட்ட இருக்கு, அவதான் கால்குலேட்டர்ல போட்டா. மரநிழலை நான் கணினியில அட்டவணையில போட்டேன்.

மடக்கைவால்
கடைசி ரெண்டு வரியை முதல்லயே சொல்லியிருக்கலாம் தங்கச்சி. நீங்க அட்டவணையில 'லாக்' போட்டிருக்கீங்க, அது சும்மா விட்டா 10 அடிமானத்தை எடுத்துக்கும். தோழி இயல் மடக்கை (e அடிமானம், அட்டவணையில 'எல்என்') போட்டிருக்காங்க.

கண்டுபிடிக்கிறது சுலபம். எல்லாச் சிற்றினமும் சம அளவுல இருந்தா வர்றதுதான் ஷானனோட உச்சம், அதாவது சிற்றின எண்ணிக்கையோட மடக்கை. 9 சிற்றினத்துக்கு 10 அடிமானத்துல உச்சம் 0.95. அப்ப 1.62 அந்த அடிமானத்துல வரவே வராது. இயல் மடக்கையில 9-க்கு உச்சம் 2.20, அதுக்குள்ள அடங்குது.

உங்க எண்களை நானே போட்டுப் பார்த்தேன். 'லாக்'-ல 0.84, 'எல்என்'-ல 1.94. ஒண்ணுக்கொண்ணு 2.303 மடங்கு. அந்தக் கட்டத்துல 'எல்என்'-னு மாத்திட்டுக் கீழ வரைக்கும் இழுத்து விடுங்க. நிழற்குடை சார் சொன்ன 85 சதவீதமும் இங்க இல்லை, முதல் செடியே 35 சதவீதம்தான்.

மூத்தகுடி
நான் சொன்னதும் இதுதானே. சிம்ப்சன் போட்டிருந்தா இந்தச் சிக்கலே வந்திருக்காது. D-ங்கிறது சும்மா எடுக்கிற ரெண்டு செடியும் ஒரே சிற்றினமா இருக்கிற வாய்ப்பு. இதே எண்ணுக்கு 1 கழித்தல் D = 0.80. வேலை முடிஞ்சுது.

மடக்கைவால்
முடியலை ஐயா. சிம்ப்சன் பெரிய ஆளுங்களுக்குத்தான் காது கொடுக்கும். ஒவ்வொரு சிற்றினத்தோட எண்ணிக்கை n-னா, அது கூட்டுறது n(n−1)-ஐ; ஒத்தையா நின்ன நாலு சிற்றினத்துக்கும் அது பூஜ்யம். அந்த நாலையும் தூக்கிட்டுப் போட்டா ஷானன் 1.94-ல இருந்து 1.81-க்கு இறங்குது, சிம்ப்சன் 0.80-ல இருந்து 0.78-க்குத்தான் நகருது. அரிய செடி முக்கியம்னா எதை எடுப்பீங்க?

மூத்தகுடி
ஒத்தைச் செடியை நம்பிக் குறியீடு போடுறதுதான் ஆபத்து. ஒரு நாற்றைத் தப்பா அடையாளம் பார்த்தாலே கணக்கு ஆடும்.

விதைநெல்
ரெண்டு பேரும் விடுங்க. 14-ல 4 ஒத்தை (ஒரே ஒரு செடி கிடைச்சது), 2 இரட்டை (ரெண்டு செடி கிடைச்சது). கண்ணுக்குத் தப்பினதையும் சேர்த்து மொத்தச் சிற்றினத்தைக் கணிக்கிற சாவோ 1 மதிப்பீடு போட்டா 14 + 16/4 = 18. பார்க்காத சிற்றினம் இன்னும் இருக்குன்னு அர்த்தம், 10 சட்டம் பத்தலை. சட்டம் கூடக் கூடப் புதுச் சிற்றினம் எவ்வளவு சேருதுன்னு வளைகோடு வரைஞ்சு, அது படுக்கிற வரைக்கும் எடுக்கணும்.

ஈரமண்
எல்என் போட்டதும் 1.94 வந்துருச்சு!! ரொம்ப நன்றி அண்ணா. அறிக்கை அனுப்பியாச்சு.

கோரைக்கிழங்கு
அனுப்பிட்டீங்களா? நான் கேட்ட மூணாவது கேள்விக்கு இன்னும் பதில் வரலை. 50 செ.மீ. சட்டம் பத்துக்கு 2.5 சதுர மீட்டர், 1 மீ. சட்டம் பத்துக்கு 10 சதுர மீட்டர். நாலு மடங்கு பரப்புல தேடினா சிற்றினம் கூடத்தான் கிடைக்கும், அதனால 14-ஐயும் 9-ஐயும் நேரா ஒப்பிட முடியாது. மரநிழல் தாள்ல கால்பகுதி வாரியாக் குறிச்சிருந்தா, ஒவ்வொரு சட்டத்துலயும் கீழ் இடது கால்பகுதியை மட்டும் எடுத்து மறுபடி போடுங்க. குறிக்கலைன்னா, பரப்பு வேறன்னு அறிக்கையிலயே ஒரு வரி எழுதிடுங்க.

புல்வெளியில தனிச்செடி எண்ணியிருந்தா அது இன்னும் மோசம். அருகம்புல் கணுவுக்குக் கணு வேர் விடும், எது ஒரு செடின்னு யாராலயும் சொல்ல முடியாது. 50 செ.மீ. சட்டத்துல 10 செ.மீ. இடைவெளியில நூல் கட்டினா 25 கட்டம், ஒரு கட்டம் 4 சதவீதம். அப்படி மூடலாக் குறிக்கணும், மரநிழலுக்கும் அதே முறையில. ஒரு இடத்துல தலை எண்ணி, இன்னொரு இடத்துல மூடல் பார்த்தா, எந்த மடக்கை போட்டாலும் ஒப்பிட முடியாது. ஓரத்துல நிக்கிற செடிக்கு மேல், இடது பக்கம் சேர்த்தி, மத்த ரெண்டு பக்கம் விடுதல். தாள் கிடைச்சதும் எப்படி எண்ணினீங்கன்னு போடுங்க.

நிழற்குடை
சாவோ 1-ல அந்த 16/4 எப்படி வந்துச்சு விதைநெல்?

விதைநெல்
ஒத்தையோட வர்க்கம், கீழே இரட்டையோட ரெண்டு மடங்கு. இரட்டையே இல்லைன்னா இந்த வடிவம் ஓடாது, அதுக்குத் திருத்தின வாய்பாடு தனி. அதைப் போட்டா இங்க 18-க்குப் பதிலா 16 வரும்.