எஃப்எஸ்டி (இரண்டு தொகைகளுக்கு நடுவே உள்ள மரபணு வேறுபாட்டின் அளவு, 0 என்றால் வேறுபாடே இல்லை) 0.05 என்றால் தலைமுறைக்கு ஐந்து யானை கடக்கிறது என்று எழுதலாமா?

வாளையார்:
வகுப்பில் ஒரு பயிற்சிக் கணக்கு, நிஜத் தரவு இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி யானைகள், தெற்கே ஆனைமலை யானைகள், இரண்டுக்கும் நடுவே எஃப்எஸ்டி 0.05. எஃப்எஸ்டியிலிருந்து தலைமுறைக்கு எத்தனை விலங்கு இடம் மாறுகிறது என்று கணிக்கும் ரைட் சூத்திரத்தில் போட்டேன், (1/0.05 − 1)/4 = 4.75. தலைமுறைக்குச் சுமார் ஐந்து யானை தாண்டுகிறது, வழித்தடம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். சீனியர் ஒருவர் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எங்கே தப்பு?

மழைக்காடு:
கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அந்தச் சூத்திரம் எல்லா யானைத் தொகையும் ஒரே அளவு, போக்குவரத்து எல்லாப் பக்கமும் சமம், இந்த நிலை பல தலைமுறையாக மாறவே இல்லை என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. கணவாயில் ரயில் ஓட ஆரம்பித்தது 1860களில். யானைக்கு ஒரு தலைமுறை 25 வருஷம் என்று வை, அதிலிருந்து ஆறேழு தலைமுறைதான் ஆகிறது. நேற்றே வழி முழுசாக அடைபட்டிருந்தாலும் இன்றைக்கு உனக்கு 0.05தான் வரும். நீ கணக்குப் போட்டது பழைய காலத்து நடமாட்டத்தை.

லத்திபொறுக்கி:
இன்னொன்று, இந்த எண் காட்டுவது மரபணுக் கலப்பை, வலசையை இல்லை. கோடையில் போய் மழைக்குத் திரும்பும் யானை அங்கே குட்டி போடவோ இணை சேரவோ இல்லையென்றால் மரபணுவில் அதற்கு அடையாளமே கிடையாது. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும், வெளியே போவது ஆண்கள், அதனால் தாய்வழி டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் ‘யாரும் கடக்கவில்லை’ என்றுகூடத் தோன்றும். நிஜத் தரவுக்குப் போகும்போது, டிஎன்ஏவுக்காகப் புது லத்தியின் (யானைச் சாணம்) மேல்பூச்சை மட்டும் சுரண்டி எடு, உள்ளே பூரா நார்தான். ஒரே யானை இரண்டு முறை மாட்டியிருக்கும், முதலில் அதைக் களை.

வாளையார்:
சரி, அப்போ இப்போதைய நடமாட்டத்தை எப்படிப் பார்ப்பது? வில்சன், ரன்னலா 2003ல் கொடுத்த பேயஸ்ஆஸ் முறையை (மரபணுவை வைத்து அண்மைய இடமாற்றத்தைக் கணிக்கும் கணினி நிரல்) ஓட்டினேன், ஆனைமலையில் அங்கேயே பிறந்தவை 0.67 என்று வருகிறது. மூன்றில் ஒன்று வந்தேறியா?!

மழைக்காடு:
அதை நம்பாதே. அந்த முறையில் உள்ளூர்ப் பங்கு மூன்றில் இரண்டுக்குக் கீழே இறங்கவே முடியாது, எண் அந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறுபாடு இவ்வளவு குறைவாக இருந்தால் அது அப்படித்தான் தடுமாறும். நிரலின் சீரற்ற தேர்வுக்கு வேறு வேறு தொடக்க எண் கொடுத்து நாலைந்து தடவை ஓட்டு, ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தால் அந்த அட்டவணையையே தூக்கிவிடு.