குளிர்காலத்தில் புல் தீர்ந்த பிறகு: உலர்புல்லா, மக்காச்சோளமா?

டோங்காட் தோட்டக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டோங்காட் ஊருக்கு உட்புறம், கரும்புக் காட்டை ஒட்டிய சிறு நிலத்தில் இரண்டு குதிரைகளை வளர்த்து வருகிறேன்; ஒவ்வொன்றும் சுமார் 450 கிலோ எடை. குளிர்காலமான ஜூன் பிறந்ததும் கிகூயு என்னும் மேய்ச்சல் புல் மண் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. நல்ல மழைக்குச் செப்டம்பர் ஆகும். உலர்புல் கட்டுகளை இந்த விலைக்கு வாங்கி என்னால் கட்டுப்படியாகாது. ஆகவே, குதிரை ஒன்றுக்கு நாள்தோறும் நான்கு கிலோ நொறுக்கிய மீலியை, அதாவது மக்காச்சோளத்தைக், கரும்புப்பாகு சேர்த்துக் காலையும் மாலையும் வைத்து, உலர்புல்லை மூன்று கிலோவாகக் குறைக்கலாம் என்று எண்ணுகிறேன். நம் முன்னோர் கொள்ளு வைத்துத்தானே குதிரை வளர்த்தார்கள்?

ஹோவிக் லாயம்:
ஐயா, உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குதிரையின் இரைப்பை சிறியது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் ஓயாமல் சுரக்கிறது. நார்த்தீனியை மென்று ஊறும் உமிழ்நீர்தான் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. நாள்தோறும் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் குறையாமல் உலர்தீனி வேண்டும் என்பதே பொதுவான அளவு. உங்கள் குதிரைக்கு அது ஏழு கிலோவுக்குச் சற்று அதிகமான உலர்புல். ஒரு வேளைக்கு இரண்டு கிலோ மீலி என்றால் ஒரு கிலோவுக்கு மேல் மாவுச்சத்து. எடை கிலோ ஒன்றுக்கு ஒரு கிராம் என்ற வரம்பைப் போல அது இரண்டு மடங்குக்கு மேல். செரிக்காத மாவு பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்தால், முதலில் சூலை என்னும் கடும் வயிற்றுவலி வரும், பிறகு குளம்பு அழற்சி வரும். கொள்ளைச் சொன்னீர்கள், ஆங்கிலேயர் காலத்து இந்தியக் குதிரைப்படைகளில் குதிரைக்காரரோடு புல்லறுப்பவரையும் சேர்த்தே வைத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

டோங்காட் தோட்டக்காரர்:
அளவைக் குறைக்கச் சொன்னால் குறைக்கிறேன், மீலியே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். எலும்பு துருத்தி நிற்கும் குதிரைக்கு வலுவும் வேண்டும் அல்லவா? மேலும், இப்போது கரும்பு வெட்டும் காலம். வெட்டிய கரும்பின் தோகை வயலோரம் குவிந்து கிடக்கிறது. மாடுகள் அதைத் தின்றுதான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. பணமில்லாதவனுக்கு அதுவும் ஆகாது என்றால், குதிரையை விற்றுவிடு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

வெருலம் மேய்ச்சல்:
நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். தோகையை நறுக்கி உலர்புல்லோடு கலந்து வைக்கலாம். ஆனால் அதில் புரதம் குறைவு, ஓரமும் கூரானது. வெட்டுக்கு முன் கரும்பை முதிர்விக்கும் மருந்து தெளித்த வயலா என்று கரும்பு விளைவித்தவரிடம் கேட்காமல் ஒரு கை கூட எடுக்காதீர்கள். புரதக் குறைவுக்கு லூசர்ன் இருக்கிறது, தமிழ்நாட்டில் குதிரைமசால் என்பார்களே, அதுதான். கிகூயுவில் உள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடுவதால், கிகூயுவில் மேய்ந்த குதிரைக்கு நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ லூசர்ன் இரட்டை நன்மை தரும்.

ஹோவிக் லாயம்:
மீலி விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில குளிர்காலங்களுக்கு முன், மலிவாகக் கிடைத்த மீலி மூட்டை ஒன்றில் பூஞ்சை இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் பெட்டைக் குதிரை முதலில் தடுமாறியது, பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டே நின்றது; மூன்றாம் நாள் இறந்துவிட்டது. மீலியில் வளரும் ஃபுசேரியம் பூஞ்சை ஃபுமோனிசின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அதை 1988-இல் பிரித்தெடுத்தவர்கள் நம் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களே. அந்த நஞ்சு குதிரையின் மூளையை அழிக்கிறது. சல்லடையில் மிஞ்சும் தூளும் தவிடும் முழு மணியைவிட ஆபத்தானவை. இன்னொன்று: மாட்டுத்தீனியையோ கோழித்தீனியையோ மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அவற்றில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

டோங்காட் தோட்டக்காரர்:
உங்கள் குதிரையைப் பற்றி வாசித்தபோது மனம் கனத்தது. மாட்டுத்தீனி செய்தி எனக்குப் புதிது. பக்கத்து வீட்டார் தருவதாகச் சொன்ன மூட்டையை மறுத்துவிடுகிறேன். உலர்புல்லை ஏழரைக் கிலோவாக உயர்த்தி, அதில் ஒன்றரைக் கிலோவை லூசர்னாகக் கொடுக்கிறேன். மீலியை மட்டும் வேளைக்கு அரைக் கிலோவுக்குள் வைத்துக்கொள்வேன். தோகையைக் கைவிட எனக்கு மனமில்லை.

வெருலம் மேய்ச்சல்:
மாற்றத்தைப் பத்து நாட்களுக்குமேல் பரப்பிச் செய்யுங்கள். பச்சைப்புல்லில் பெரும்பகுதி நீரே; அது போனால் குதிரை நாளுக்கு முப்பது லிட்டருக்கு மேலும் குடிக்கும், தொட்டியைப் பாருங்கள். தேய்ந்த தரையில் தீனி போடாதீர்கள்; மண்ணோடு தின்றால் குடலில் மணல் தங்கும். அடுத்த ஆண்டுக்கு, பிப்ரவரி கடைசியிலேயே நிலத்தில் பாதியை மேயவிடாமல் அடைத்துவிட்டால், நின்ற புல் ஜூலை வரை கை கொடுக்கும்.

ஹோவிக் லாயம்:
தோகையில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கட்டுகளைக் கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரே விலைக்கு வாங்கிய கட்டுகளின் எடை ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகிறது என்பதை முதல் நாளே காண்பீர்கள்.